உண்மைச் சம்பவப் படங்களில் குற்றவாளியின் முகம்: ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற ஆண்டு ஒரு மாலை, மக்ரிப் பாங்கிற்குச் சற்று முன்னர், நம் மதரஸாவை ஒட்டிய பள்ளிவாசலின் ஹவ்ளருகே ஒரு சிரிப்பொலி எழுந்தது. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பீகார் இளைஞர் ஒருவர் ஒளு செய்ய வந்திருந்தார். அவரைக் கண்டதும் நம் மாணவர்களில் ஒருவன், பன்னிரண்டு வயதுப் பிள்ளை, "பவாரியா வர்றான்டா, செருப்பைப் பாத்துக்கோங்க" என்று கூவிவிட்டான். அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரிப்பு எல்லா மொழியிலும் ஒன்றுதானே! அவர் தம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், மற்றவர்களின் செருப்புகளுக்கு எட்டாத தூரத்தில், சுவரோர மூலையில் வைத்துவிட்டு முன் ஸஃப்பில் போய் நின்றார்.

இஷாவுக்குப் பின் அந்தப் பிள்ளையை அழைத்து, இந்தச் சொல்லை எங்கே கற்றாய் என்று வினவினோம். "தீரன் படத்துல வரும் ஹஜ்ரத். டிவியில அடிக்கடி போடுவாங்களே" என்றான். அதற்கு மேல் அவனிடம் கடிந்து பேச நமக்கு வாய் வரவில்லை. ஏனெனில் அந்தப் படம் நம் வீட்டிலும் ஓடியது. நாமும் இறுதிக்காட்சி வரை எழுந்திருக்காமல்தான் பார்த்தோம்.

படம் பார்ப்பதே ஆகாது, அதைப் பற்றி ஓர் ஆலிம் எழுதுவதா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அந்த விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். பெருநாள் பகலில் பிரியாணிக்குப் பின் நம் கூடங்களில் தொலைக்காட்சி ஓடுவதில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஓடுகிறது. ஆகவே அது நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்கிறது என்று பார்க்கும் பொறுப்பும் நமக்கு உண்டு.

'தீரன் அதிகாரம் ஒன்று' 2017 நவம்பர் 17 அன்று வெளியானது. இயக்கியவர் எச். வினோத், நாயகன் கார்த்தி. உண்மையில் நடந்த குற்றங்களை வைத்து எடுக்கப்பட்ட படம் அது. 1990களின் நடுவிலிருந்து 2005 வரை, தமிழகத்தின் தேசிய நெடுஞ்சாலைகளை ஒட்டிய தனி வீடுகளில் ஒரு கொள்ளைக் கூட்டம் இரவில் நுழைந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களை இரும்புக் கம்பிகளால் தாக்கிக் கொன்று நகைகளைக் கொண்டு சென்றது. வட மாநிலங்களிலிருந்து சரக்கு லாரிகளில் வந்து, அதே லாரிகளில் திரும்பியது அக்கூட்டம். நம் பகுதியும் தப்பவில்லை. வாலாஜாபேட்டையில் ஒரு மருத்துவர் அவ்வாறு கொல்லப்பட்டார். 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டில் கொல்லப்பட்ட பின்னரே அரசு தனிப்படை அமைத்தது. காவல்துறை அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான அந்தப் படை உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான் என்று அலைந்து, கூட்டத்தின் தலைவனான ஓமா உள்ளிட்ட பலரைப் பிடித்தது. அக்காலத்தில் சென்னை–பெங்களூர் சாலையோரம் வீடு கட்டியிருந்த நம் உறவினர்கள் சன்னலுக்கு இரட்டைக் கம்பி வைத்தது நமக்கு நினைவிருக்கிறது. அச்சம் பொய்யன்று. கொல்லப்பட்டோரின் குடும்பங்களின் துயரமும் பொய்யன்று. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

படம் வெளியானபோது சீர்மரபினர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. ஒரு கூட்டம் செய்த கொடுமையை ஒரு சமூகத்தின் பிறவிக் குணமாகக் காட்டுவதும், 'குற்றப்பரம்பரை' என்ற சொல்லைக் கையாள்வதும் தங்களைப் புண்படுத்துவதாக அவர்கள் கூறினர். படத்தைத் தயாரித்த நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அச்சொல்லை நீக்க ஒப்புக்கொண்டது. செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்து போன செய்தி அது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

அச்சொல்லின் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 'தக்கர்' எனப்பட்ட வழிப்பறிக் கொலைக்காரர்களை ஒழிக்கும் பொறுப்பை ஸ்லீமன் என்ற அதிகாரி ஏற்றிருந்தார். 1836இல் அதற்கெனத் தனிச்சட்டம் ஒன்று வந்தது. ஒருவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரைக் கொன்றார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை; அத்தகைய கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மெய்ப்பித்தாலே ஆயுள் சிறை. குற்றச் செயலுக்குப் பதிலாகச் சேர்மானமே தண்டனைக்குரியதாயிற்று. பிடிபட்டவர்களில் சிலர் அப்ரூவர்களாக மாறி வாக்குமூலம் தந்தனர். அந்த வாக்குமூலங்களைக் கொண்டு, ஹைதராபாத் நிஜாமின் படையில் பணியாற்றிய மெடோஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1839இல் லண்டனில் ஒரு நாவலை வெளியிட்டார். ஒரு கொலைக்காரன் தன் குற்றங்களைத் தானே சொல்லுவதாக அமைந்த நூல் அது. விக்டோரியா அரசியாரே ஆவலுடன் படித்தார் என்பார்கள். இன்று வலைத்தொடர்களில் நாம் காணும் 'உண்மைக் குற்றக் கதை'யின் இந்திய முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அந்த நாவலின் கொலைக்காரனுக்கு ஆசிரியர் சூட்டிய பெயர் அமீர் அலி.

தக்கர் கூட்டங்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர் என்பதையே அக்காலக் குறிப்புகள் காட்டுகின்றன. எனவே அமீர் அலி என்பது முழுப் பொய் என்று நாம் வாதிட மாட்டோம். ஆனால் லண்டனில் விளக்கடியில் அமர்ந்து அந்நூலைப் படித்த ஆயிரக்கணக்கானோர் அதற்கு முன் ஓர் இந்திய முஸ்லிமைக் கண்டதில்லை. அவர்கள் கண்ட முதல் முகம் அதுவாக இருந்தது. பிற்காலத்தில் எத்தனை முகங்களைக் கண்டாலும் முதல் முகம் அழிவதில்லை.

1836இல் ஒரு கூட்டத்துக்கு வகுத்த நியாயம் 1871இல் முழுச் சமூகங்களுக்கு விரிந்தது. தச்சன் மகன் தச்சனாவது போல இந்நாட்டில் திருடன் மகன் திருடனாவான் என்பதே குற்றப் பழங்குடியினர் சட்டத்தை ஆதரித்த அதிகாரிகளின் வாதம். முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்கள் காவல் நிலையத்தில் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் ஆஜர் கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டின்றி அடுத்த ஊருக்குப் போகக் கூடாது. நம் தமிழ் மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் கைரேகை பதிக்க மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அச்சட்டம் ஒழிந்தது. 'குற்றப் பழங்குடி'யாக இருந்தோர் 'சீர்மரபினர்' ஆயினர். தமிழ்நாட்டில் இன்று அப்பட்டியலில் 68 சமூகங்கள் உள்ளன.

பவாரியாக்கள் வலை வைத்து விலங்கு பிடித்துப் பிழைத்த வேட்டைச் சமூகத்தார். காடு பறிபோனது, வேட்டை குற்றமாயிற்று, அவர்களும் அச்சட்டத்தின் கீழ் வந்தனர். ஓமாவின் கூட்டம் செய்த கொலைகளுக்கு இது சமாதானமாகாது. ஆனால் அச்சமூகத்தில் வயலில் கூலி வேலை செய்பவரும், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாயும் உண்டு. படத்தில் அவர்கள் வரவில்லை. அவர்களுடைய பழங்கதையைச் சொல்ல ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டது மெய்தான். அது கதாநாயகனின் துரத்தலுக்குப் பின்னணியாக நின்றதே தவிர, மனிதர்களாக அவர்களை நமக்கு அறிமுகப்படுத்தவில்லை.

இதில் மற்றொரு செய்தி நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. அந்தக் கூட்டத்தைப் பிடித்த ஜாங்கிட் அவர்கள் தமிழர் அல்லர்; ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் பிறந்தவர். வடக்கிலிருந்து வந்து தமிழ் கற்று, தமிழ் மக்களைக் காக்கப் பணியாற்றிய அதிகாரி. படத்தில் அந்த இடத்தில் தமிழ் நாயகன் தீரன் திருமாறன் வந்துவிட்டார். கொலை செய்ய வந்த வடநாட்டார் படத்தில் இருக்கிறார். கொலைக்காரனைப் பிடித்த வடநாட்டார் படத்தில் இல்லை! கதைக்கு ஏற்ற நாயகனைத் தேர்ந்தெடுப்பது படைப்பாளியின் உரிமைதான். அவர் எந்த உள்நோக்கத்துடனும் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் ஹவ்ளருகே நம் மாணவன் பார்த்த 'வடநாட்டு முகம்' ஒன்றே ஒன்றாக ஆனதற்கு இப்படிப்பட்ட சிறு மாற்றங்களும் காரணமல்லவா?

படம் வந்து சில மாதங்களில், 2018 ஏப்ரல், மே மாதங்களில், வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி நம் வட்டாரமெங்கும் பரவியது. நம் வேலூர் மாவட்டத்திலேயே இந்தி பேசிய ஓர் அப்பாவி அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு சென்னைக் குடும்பத்தார், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டு, அறுபதைக் கடந்த ஒரு மூதாட்டி உயிரிழந்தார். அப்புரளிக்குப் படம்தான் காரணம் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை; சொல்லவும் மாட்டோம். ஆனால் புரளி வந்து சேர்ந்தபோது அதற்கு இடம் கொடுக்க மனங்கள் ஆயத்தமாக இருந்தன. அந்த ஒலிப்பதிவுகளை நம் மஹல்லாக் குழுக்களிலும் பலர் பகிர்ந்தார்கள். தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற கருத்துடைய அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனத்தை நாம் ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

முஸ்லிம்களைப் பற்றிய படங்கள் வரும்போது நாம் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. 2012இல் 'துப்பாக்கி' வந்தபோது நம் அமைப்புகள் எதிர்த்தன. படக்குழுவினர் வருத்தம் தெரிவித்துக் காட்சிகளை நீக்கினர். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' தடைசெய்யப்பட்டு, பேச்சுவார்த்தைக்குப் பின் சில காட்சிகளும் வசனங்களும் நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7 அன்று வெளியானது. அவை கற்பனைக் கதைகள். கற்பனை என்று சொல்லி எடுத்த படம் நம்மைப் புண்படுத்தியபோது வீதிக்கு வந்தோம். உண்மை என்று சொல்லி எடுத்த படம் இன்னொரு சமூகத்தைப் புண்படுத்தியபோது டிக்கெட் வாங்கினோம்.

'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்ற வாசகத்துக்குத் தனி வலிமை உண்டு. கற்பனைப் படத்தைப் பார்த்தவன் 'படம்தானே' என்று எழுந்து போவான். இந்த வாசகத்தைப் படித்தவன் சாட்சி சொல்லப் போவதுபோல எழுந்து போகிறான். அதனால்தான் பெயர் மாற்றங்கள்கூட இங்கே பெரிய விளைவைத் தருகின்றன.

2021 நவம்பரில் வெளிவந்த 'ஜெய் பீம்' அதற்குச் சான்று. 1993இல் கடலூர்ப் பகுதியில் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு அது. அவருடைய மனைவிக்காக வழக்கறிஞராக வாதாடியவர் பின்னாளில் நீதிபதியான சந்துரு அவர்கள். நெஞ்சை உலுக்கும் படம். நம் நாட்டில் காவல் நிலையச் சித்திரவதையைப் பற்றி வீட்டுக்கு வீடு பேச வைத்த படம். ஆயினும் உண்மையில் ராஜாகண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளர் ஆனார். உண்மை வழக்கில் சம்பந்தப்பட்ட சப்-இன்ஸ்பெக்டரின் பெயர் கிறிஸ்தவப் பெயர். படத்தில் அவருக்குக் குருமூர்த்தி என்று பெயர் வைத்து, அவர் வீட்டுச் சுவரில் வன்னியர் சமூகத்தைச் சுட்டும் அக்னி குண்டச் சின்னமுள்ள நாட்காட்டியைத் தொங்கவிட்டனர். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நாட்காட்டிக் காட்சி மாற்றப்பட்டது. இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். குறவர் அமைப்பினரோ தங்கள் வேதனை தங்கள் பெயரில் பதிவாகவில்லை என்று மனம் குமைந்தனர். நல்ல நோக்கமுள்ள படத்திலேயே, சில நொடிகள் தோன்றும் ஒரு நாட்காட்டி ஒரு சமூகத்தைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிட முடிகிறது. ஒரு பெயர் மாற்றம் இன்னொரு சமூகத்தின் கண்ணீரை இடம் மாற்றிவிட முடிகிறது. நல்ல நோக்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

அதற்கும் சான்று உண்டு. 2023இல் 'தி கேரளா ஸ்டோரி' வந்தது. கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டு அழைத்துச் செல்லப்பட்டதாக அதன் முன்னோட்டம் அறிவித்தது. கேள்விகள் எழுந்ததும் அந்த 32,000 பேர் மூன்று பெண்களாகச் சுருங்கினர். அந்த எண்ணிக்கைக்கு நம்பகமான தரவு இல்லை, படம் கற்பனை கலந்தது என்ற அறிவிப்பைச் சேர்ப்பதாகத் தயாரிப்பாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் 2023 மே 18 அன்று ஒப்புக்கொண்டது. அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2024 ஏப்ரல் 5 அன்று, மக்களவைத் தேர்தல் வேளையில், கேரள முதல்வரின் ஆட்சேபத்தையும் மீறி, அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷன் அதை ஒளிபரப்பியது. 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த இயக்கத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. மூன்று பேரின் கதையை மூன்று பேரின் கதையாகச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டோம். வழிதவறிப் போனவர் நம்மவராயினும் அது சொல்லப்பட வேண்டிய கதையே.

இங்கே நம் தஃப்ஸீர் வகுப்பில் ஆண்டுதோறும் வரும் ஒரு பாடத்தைச் சொல்லாமல் போக முடியாது. அந்-நிஸா அத்தியாயத்தின் 105 முதல் 113 வரையிலான வசனங்கள் இறங்கியதற்கான காரணமாக முஃபஸ்ஸிர்கள் ஒரு திருட்டு வழக்கைக் குறிப்பிடுகின்றனர். அறிவிப்புகளில் பெயர்களும் விவரங்களும் சிறிது வேறுபடும். பரவலாகச் சொல்லப்படும் ஒன்று இது. மதீனாவில் அன்ஸாரிகளின் ஒரு கிளையைச் சேர்ந்த துஃமா என்பவர், மாவு மூட்டைக்குள் இருந்த ஒரு கவசத்தைத் திருடினார். மூட்டையில் ஓட்டை இருந்தது. மாவு சிந்திக்கொண்டே போனது. அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சிய அவர் கவசத்தை ஒரு யூதரிடம் ஒப்படைத்துவிட்டார். தேடியபோது கவசம் யூதரின் வீட்டில் அகப்பட்டது. துஃமாவின் குலத்தார் திரண்டு வந்து, எங்கள் ஆள் முஸ்லிம், குற்றம் சாட்டப்பட்டவர் யூதர், எங்களுக்காக வாதாடுங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினர். வெளிப்பார்வைக்குச் சாட்சியம் யூதருக்கு எதிராகவே இருந்தது. அப்போதுதான் அந்த வசனங்கள் இறங்கின. துரோகம் செய்தவர்களுக்காக வழக்காடுவது தடுக்கப்பட்டது. தன் பாவத்தைக் குற்றமற்றவர் மேல் எறிபவன் அவதூற்றையும் சேர்த்துச் சுமக்கிறான் என்ற எச்சரிக்கை வந்தது. யூதர் விடுவிக்கப்பட்டார்.

அந்தக் காலத்து மதீனாவில் யூதக் குலங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பூசல்கள் இருந்தன. 'யூதன் திருடன்' என்ற கதை ஊரில் எளிதாக விலைபோயிருக்கும். திருடியவர் நம் வரிசையில் நின்று தொழுதவர் என்ற உண்மை மறைந்திருக்கும். நாம் இதை வகுப்பில் ஓதும்போது மாணவர்கள் மாவு மூட்டையின் ஓட்டையைத்தான் ரசிக்கிறார்கள். துப்பறியும் கதை அல்லவா! யூதரின் வீட்டாரை ஒருவனும் கேட்டதில்லை. இவ்வாண்டுதான் நாமும் முதன்முறையாக அதைக் கேட்டோம்: கவசம் அகப்பட்ட நாளுக்கும் வசனம் இறங்கிய நாளுக்கும் இடையில் அந்த யூதரின் பிள்ளைகளைத் தெருவில் என்ன பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள்?

தோல் பதனிடும் நம் வட்டாரத்திலும் இதுவரை படமாகாத ஒரு வழக்கு இருக்கிறது. 2015 ஜூன் மாதம், காணாமற்போன ஒரு பெண் தொடர்பான விசாரணைக்காக ஆம்பூரைச் சேர்ந்த 26 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர், நம் அணைக்கட்டுத் தொகுதிக்குட்பட்ட பள்ளிகொண்டாவின் காவலர்களால் அழைத்துச் செல்லப்பட்டார். விசாரணையில் அவர் தாக்கப்பட்டதாகக் குடும்பத்தார் குற்றம் சாட்டினர். ஜூன் 26 அன்று சென்னை மருத்துவமனையில் அவர் இறந்தார். மறுநாள் இரவு ஆம்பூர் பற்றி எரிந்தது. தேசிய நெடுஞ்சாலையில் வாகனங்கள் உடைக்கப்பட்டன. பெண் காவலர்கள் உட்படக் காவலர் பலர் காயமடைந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இளைஞரின் மரணம் குறித்த விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது.

இதை ஒருவர் படமாக எடுக்க வந்தால் எந்த நாளில் கதையைத் தொடங்குவார்? 27ஆம் தேதி இரவில் தொடங்கினால், தொப்பியணிந்த கூட்டம் கல்லெறிவதும், பெண் காவலர்கள் அஞ்சி ஒளிவதும் முதற்காட்சி. 26ஆம் தேதியில் தொடங்கினால், மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒரு தாய் முதற்காட்சி. இரண்டும் நடந்தவையே. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தாலும் திரையில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டுக்கொள்ளலாம். நாம் விரும்புவது இரண்டாவது தொடக்கம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் காவலர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள். அன்றிரவு வீடு திரும்பும் வரை அவர்களுடைய தாய்மாரும் வாசலில் நின்றிருப்பார்கள். அவர்களைச் சேர்க்காமல் எடுக்கும் படத்தை நம் ஊரார் கைதட்டி வரவேற்றால், துஃமாவின் குலத்தாருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இவ்வாறு எடுக்க முடியாது என்பதும் இல்லை. வெற்றிமாறனின் 'விசாரணை', ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து பிறந்தது. பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களில் ஒருவனாக அப்சல் அதில் வருகிறான். அவனை நல்லவனாகக் காட்ட அவன் தொழுவதைக் காட்டவில்லை; அவனுக்காக ஒரு தேசபக்தி வசனமும் வைக்கவில்லை. பாண்டியும் முருகனும் படும் அடியை அவனும் படுகிறான். அவ்வளவுதான். இந்தியில் ஹன்சல் மேத்தா எடுத்த 'ஷாஹித்' மற்றொன்று. இளமையில் தடா சட்டத்தில் சிறை சென்று, சிறையில் படித்து, வழக்கறிஞராகி, குற்றம் சாட்டப்பட்ட ஏழை முஸ்லிம்களுக்காக வாதாடிய ஷாஹித் ஆஸ்மியின் வாழ்க்கை அது. 2010 பிப்ரவரி 11 அன்று மும்பை குர்லாவில் தம் அலுவலகத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மும்பைத் தாக்குதல் வழக்கில் அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த ஃபஹீம் அன்ஸாரி அதே ஆண்டு விடுதலையானார். 2012இல் உச்ச நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. இப்படத்தை நம் வீடுகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று ஒருமுறை மதரஸாவின் பெற்றோர் கூட்டத்தில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. 'தீரன்' பார்த்தவர்கள் என்று கேட்டபோது பெண்கள் பகுதியிலிருந்தும் சிரிப்பு வந்தது.

அந்தப் பிள்ளையை மறுவாரம் நாமே அழைத்துக்கொண்டு பீகார் இளைஞர் தங்கியிருந்த அறைக்குச் சென்றோம். ஒரே அறையில் எட்டுப் பேர். நமக்குத் தெரிந்த உர்தூவில் விளக்கினோம். பிள்ளை தலைகுனிந்து ஸலாம் சொன்னான். அவர், தமக்கும் ஊரில் இதே வயதில் தம்பி இருப்பதாகச் சொல்லி, தேநீர் வாங்கிவர ஆளை அனுப்பினார். 'பவாரியா' என்றால் என்னவென்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர்களை எங்கள் ஊரிலும் இப்படித்தான் பேசுவோம், மௌலானா" என்றார்.

இப்போதும் அவர் நம் பள்ளிக்குத் தொழ வருகிறார். பிள்ளைகள் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறார்கள். செருப்பை மட்டும் இன்னமும் அந்தச் சுவரோர மூலையில்தான் வைக்கிறார்.